முதல் படம் என் கண்

விழித்திரை ஆராய்ச்சி என்றால் முக்கால்வாசி நேரம் "கண்ணை மூடாதீங்க" என்று கத்துவதுதான். ஆராய்ச்சி செய்வது கண் டாக்டரான எங்கள் மேடம், கத்துவது நான். சர்க்கரை நோய் விழித்திரையை எப்படிக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க, மேடம் ஊர் ஊராக வேனில் கேமராவோடு போகிறார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய நான் சொட்டு மருந்து விட்டுப் படம் எடுக்கிறேன். வரிசையில் ஆளை உட்கார வைக்கிற வேலை பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இதில் ஒரு கண் போயிருக்க வேண்டியது. அது என் கண் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாளை வியாபாரம்

படம் எடுக்கும் முன் கண்மணி விரிய மருந்து விடுவோம். நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து விட வேண்டும். மணவாளக்குறிச்சியில் கூட்டம் அதிகம், எனக்கோ பொறுமை கிடையாது. சாளை மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவை இழுத்து உட்கார வைத்து மருந்தை விட்டுவிட்டேன், சொல்ல மறந்தேன்.

அரை மணி நேரத்தில் அக்கா மீன் சட்டியோடு திரும்பி வந்தார். பத்து ரூபாய் எது, நூறு ரூபாய் எது என்று தெரியவில்லையாம். சட்டியை என் மேசையில், கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தார். "ஏட்டி, எனக்க கண்ணு தெளியுத வரைக்கும் இந்தச் சாளைய நீயே இருந்து வித்துத் தா."

விற்றேன்.

குளச்சல் மாமி

நபீசா மாமியின் விழித்திரையில் ரத்தக் கசிவு இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து லேசர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வை போய்விடும் என்று மேடம் சொன்னார். மாமி, மகளுக்கு உடம்பு சரியில்லை என்றார், மழை என்றார், இப்போது எல்லாம் தெரியத்தானே செய்கிறது என்றார்.

நான் வெடித்தேன். "மாமி, அஞ்சு நிமிஷ லைட்டு. அதுக்கு இத்தனை கதையா?"

மாமி முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "மக்கா, உனக்க கண்ணுக்கு வரும்போ நீ வந்து இதச் சொல்லு, நான் கேக்கேன்."

சுசீந்திரத்தில் தொலைந்த படம்

தினமும் காலையில் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எங்களில் ஒருவர் கண்ணைப் படம் எடுத்து 'சோதனை' என்ற கோப்பில் போடுவோம். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவதால் அது எப்போதும் என் கண்தான். ஒரு வாரமாக இடது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியது. கனத்த கண்ணாடி போடுகிற ஆளுக்கு இதெல்லாம் சகஜம், போன் பார்த்ததால் வருகிறது என்று நானே வைத்தியமும் சொல்லிக்கொண்டேன்.

சுசீந்திரத்தில் ஒரு தாத்தாவின் படத்தைத் தவறுதலாக அந்தக் கோப்பில் போட்டுவிட்டேன். தேடப் போன மேடம் என் படத்தில் நின்றுவிட்டார். "இது யாரு கண்ணு?"

"எனக்குள்ளதுதான் மேடம். போகஸ் சரியாத்தான் வச்சேன்."

"கேமராவுக்கு ஒண்ணும் இல்லட்டி. உன் விழித்திரைதான் ஓரத்துல கிழிஞ்சிருக்கு."

அஞ்சு நிமிஷ லைட்டு

கிழிசல் வழியாக நீர் இறங்கினால் விழித்திரை கழன்றுவிடும், நாளைக்கே லேசர் வைக்க வேண்டும் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு திற்பரப்பு அருவிக்குப் போக வேண்டும் என்றேன். முகாம் வேலை கிடக்கிறது என்றேன். எல்லாம் தெரியத்தானே செய்கிறது என்றேன். சொல்லும்போதே மாமியின் குரல் என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் மருந்து விட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் குரல் தெரிந்தது, நபீசா மாமி. தன்னைத் திட்டின பிள்ளைக்கும் லேசராம் என்று வேன் டிரைவர் சொல்லிக் கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்கவே கிளம்பி வந்தாராம். வந்த இடத்தில் அவருக்கும் மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

மாமி என் கையைப் பிடித்துப் பார்த்தார். "என்ன மக்கா, அஞ்சு நிமிஷ லைட்டுக்கு இத்தனை வேர்வையா?"

எங்கள் இரண்டு பேர் கண்ணும் தப்பிவிட்டது, ஆனால் மாமி என் வேர்வைக் கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் குளச்சலில் இனி யாரையும் அதட்டிப் படம் எடுக்க என்னால் முடியாது.