டோப்பா மாமா கேட்ட சம்மதம்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் டோப்பா மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்முடி விற்கிறவருக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? மனிதர் வாயைத் திறந்தால் மழை, மூட்டுவலி, அரசியல் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மூடுவார். ஆனால் எந்தத் தலையில் இருப்பது தன் கடை முடி என்பதை மட்டும் என் அக்காவிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அளவெடுக்கும் அறைக்குப் பின்பக்கம் தனி வாசல் வைத்திருந்தார். தெருவில் வாடிக்கையாளர் எதிரே வந்தால், முன்பின் பார்க்காதவர் மாதிரி சட்டென்று அந்தப் பக்கம் போய்விடுவார். "நான் வணக்கம் சொன்னா, இவருக்கு எப்படிப் பழக்கம்னு பக்கத்துல இருக்கிறவங்க யோசிப்பாங்கம்மா" என்பார். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் கடைக்கே ஆள் வந்தது.

கடையின் இணைய விளம்பரம் என் பொறுப்பு. வாடிக்கையாளர்களின் நம்பர்களை விளம்பரக் கம்பெனிக்கு ஏற்றிவிட்டால், அவர்களுக்கும் அவர்களைப் போன்ற தலைக்காரர்களுக்கும் நம் விளம்பரம் போய்ச் சேரும். வாட்ஸப்பிலும் மாதம் ஒரு சலுகைச் செய்தி அனுப்புவேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தகவல் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை. இனி ஒவ்வொருவரிடமும் "உங்கள் நம்பரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?" என்று கேட்க வேண்டும். சரி என்றவருக்கு மட்டும்தான் அனுப்பலாம்.

இதைக் கேட்டதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷமா நான் கட்டிக் காத்ததைத்தானே சட்டமாப் போட்டிருக்காங்க!"

"சந்தோஷம் மாமா. நாளைக்கு நான் வந்து எல்லார்கிட்டயும் கேக்கறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

தொடாதே என்றால் தொடுகிற வயசு அவருக்கு இன்னும் போகவில்லை. மறுநாள் நான் கடைக்குள் நுழைந்ததும் போனை நீட்டினார். வாடிக்கையாளர் அத்தனை பேரையும் ஒரே வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். குழுவின் பெயர் ‘முடி உறவுகள்’. கீழே அவர் கைப்பட ஒரு செய்தி: ‘அன்பர்களே, உங்கள் ரகசியம் எங்கள் உயிர். அதைக் காக்க உங்கள் சம்மதம் தேவை.’

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். "ஐயோ மாமா! இதுல இருக்கிற எல்லாரும் எல்லாரையும் பாக்கலாமே!"

"எப்படிப் பாப்பாங்க? போன் என்கிட்டதானே இருக்கு?"

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! பேங்க் மேனேஜரும் அவருடைய கேஷியரும் அதில் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, லாரி ஆபீஸ் முதலாளியும் அவர் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் இருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். குழுவை விட்டு ஓடினால் ஓடியது தெரிந்துவிடும் என்று ஒருவரும் வெளியேறவில்லை.

குழுவைக் கலைத்தேன். ஆனால் பார்த்த கண்ணை என்ன செய்வது? தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கு நாமே சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. செய்தி அனுப்பிவிடலாம் என்றேன். மாமா கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஐயா, என் தப்பால உங்க நம்பர் வெளிய போயிடுச்சு. மன்னிச்சிடுங்க." லாரி ஆபீஸ்காரரிடம் பேசும்போது அழுதேவிட்டார். சிலர் திட்டினார்கள், பலர் பேசாமல் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பின்வாசல் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. "கடையை மூடிடலாமா?" என்று அக்காவிடம் கேட்டாராம். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அப்போதே போய்விட்டது. பாவமாக இருந்தது.

ஒரு நாள் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். எதிரே லாரி ஆபீஸ் முதலாளி, பக்கத்தில் வருங்கால மாப்பிள்ளை. மாமா வழக்கம்போல மறுபக்கம் பாய்ந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. அவர்களும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கமே வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று மாமா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"டோப்பா மாமா! ஏன் ஓடறீங்க?"

"ஐயா யாருன்னு தெரியலையே..."

"நல்லாருக்கே! போன்ல அந்த அழுகை அழுதீங்க, இப்பத் தெரியலையா? உங்க மேல கோபமாத்தான் இருந்தேன். ஆனா மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வந்தா அவருக்குப் பயந்து நான் ஃபேன் போடமாட்டேன், எனக்குப் பயந்து அவரும் கேக்க மாட்டாரு. ரெண்டு பேரும் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருப்போம். இப்பத்தான் நிம்மதியாக் காத்து வாங்கறோம்." மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையாட்டினான். "கல்யாணத்துக்கு ரெண்டு பேருக்கும் புதுசா அளவெடுங்க. விளம்பரமும் அனுப்புங்க. எங்களுக்குச் சம்மதம்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. "சத்தியமா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

முதலாளி நடுத்தெருவில் நின்று தலையிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்பவாவது தெரியுதா?"

மாமா பதறிப்போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "முதல்ல அதைப் போடுங்கய்யா, யாராவது பாத்துடப் போறாங்க!"