வின்சன்ட் விரித்த துவாய்

எங்கள் லிங்கநகரில் யாராவது இரவு ரயிலில் கொழும்புக்குப் போவதென்றால் முதலில் வின்சன்ட் அண்ணனிடம் ஒரு சொல் சொல்லி வைப்பார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு எறிந்தே ஓய்வு பெற்றவர். ரயில் மேடைக்கு வந்து நிற்கும் முன்பே மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலுக்குள் தோளில் கிடக்கும் துவாயை எறிந்து இடம் பிடிப்பார். குறி தப்பாது. பிறகு எவர் வந்து கேட்டாலும் "ஆள் இருக்கு" என்பார். அதில் அவருக்கு வெட்கமில்லை. எங்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? சீட் கிடைத்ததே!

அவருடைய மகள் ஜெசிகா ஜேர்மனியில் இருக்கிறாள். கலியாணம் கட்டிப் போனதிலிருந்து அவள் முகத்தைப் போனில்தான் கண்டார். போன மாசியில் விசா கிடைத்துப் போனபோது, மருமகன் ஜக்சன் ஒஸ்திரியாவில் மலைக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போக ஏற்பாடு செய்திருந்தான். அப்பாவுக்கு ரயில் என்றால் விருப்பம் என்று இரவு ரயிலைத் தேடிப் பிடித்தவள் ஜெசிகா. வின்சன்டுக்கு ஒரே ஒரு கவலை. ஒன்றுக்கும் ஏலாத கிழவன் என்று மகள் நினைத்துவிடக் கூடாது.

ரயில் வந்தது. ஜன்னல்கள் திறக்கவில்லை. மகளும் மருமகனும் சறுக்குக் கட்டைகளோடு மேடையில் தடுமாறிக்கொண்டிருக்க, வின்சன்ட் கூட்டத்துக்குள் புகுந்து ஏறிவிட்டார். வெறுமையாகக் கிடந்த முதல் அறைக்குள் பாய்ந்தார். கீழ்ப்படுக்கை ஒன்றில் துவாய், எதிர்ப் படுக்கையில் ஜக்கெட், நடுப் படுக்கையில் தொப்பி. மூன்று பேருக்கும் இடம் பிடித்தாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஊன்றுகோலோடு வயதான வெள்ளைக்காரி ஒருத்தி வந்து டிக்கெட்டைக் காட்டினாள். துவாய் கிடந்த படுக்கையைக் காட்டினாள்.

"ஆள் இருக்கு," என்றார் வின்சன்ட். விளங்கவில்லையாக்கும் என்று, "ஃபுல், ஃபுல்," என்று கையையும் விரித்தார்.

அவள் குரல் உயர்ந்தது. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஜெசிகா வந்து சேர்ந்தாள்.

"ஐயோ அப்பா! இஞ்ச எல்லாருக்கும் இடம் டிக்கெட்டிலயே எழுதியிருக்கு. எங்கட இடம் அடுத்த பெட்டியில. எழும்புங்கோ!"

அவள் முகம் சிவந்து போயிருந்தது. அந்தப் பெண்ணிடம் திரும்பி ஜேர்மன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். கிழவியின் கோபம் அப்படியே அடங்கியது. வின்சன்டின் தோளைத் தடவிக் கொடுத்தாள். மகள் கெட்டிக்காரி, ஒரு சொல்லில் சமாளித்துவிட்டாள் என்று அவர் துவாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மலையில் அந்தக் கிழவியும் அதே விடுதிக்குத்தான் வந்திருந்தாள். பேரப்பிள்ளைகள் சறுக்குவதைப் பார்க்க வந்தவள். சாப்பாட்டு மேசையில் வின்சன்டுக்குப் பாணைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வெண்ணெய் பூசி வைத்தாள். வெளியே போகும்போது அவருடைய ஜக்கெட்டின் ஸிப்பை இழுத்துவிட்டாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரத்துப் பேசினாள். இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று பொறுக்க முடியாமல் ஜக்சனிடம் கேட்டார்.

ஜக்சன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "கோவிக்காதேங்கோ மாமா. அண்டைக்கு ஜெசி, அப்பாவுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டாள். அந்த நேரம் அவளுக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லை."

"அந்தப் பனிக்குள்ளயும் எனக்குக் காது ரெண்டும் சுட்டுது," என்று என்னிடம் சொன்னார் வின்சன்ட் அண்ணன். பனிப் படங்களை ஊர் முழுக்கக் காட்டியவர், இதை மட்டும் ஒரு நாள் நான் கேட்காமலே சொன்னார். மகளைப் பிடித்து ஏசத்தான் முதலில் நினைத்தாராம். ஆனால் அவளைப் பொய் சொல்ல வைத்தது தன்னுடைய துவாய் என்று நினைத்ததும் நாக்கு எழும்பவில்லை. வெட்கத்தில் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

புறப்படும் நாள் விடுதி வாசலில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. ஈரக் கப்பல் தட்டில் வெறுங்காலோடு ஓடியவருக்கு அது ஒரு பாதையா? காலை எடுத்து வைத்தார். அதற்குள் ஊன்றுகோல்காரக் கிழவி, பாவம், விழுந்துவிடுவாரே என்று கையை நீட்டினாள். பக்கத்தில் ஜெசிகா நின்றாள். தகப்பன் இப்போது மிடுக்காக நடந்து காட்டினால் தன் பொய் அம்பலமாகிவிடும் என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வின்சன்ட் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி, அரை அரை அடியாக நடக்கத் தொடங்கினார்.

ஜெசிகாவுக்கு விளங்கிவிட்டது. ஓடி வந்து மற்றக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, என்னை மன்னியுங்கோ..."

"கதைக்காதை பிள்ளை," என்றார் அவர். "அந்த மனிசி பாக்குது."