டீச்சர் சொன்ன வழக்கு

திருவனந்தபுரத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் 'வெள்ளம்' தருகிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்து கட்டட வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நம் சொல்லையே வேறு அர்த்தத்தில் பேசும் ஊர் இது. அப்படியொரு சொல்லால்தான் என் மகளின் படிப்பு திசைமாறியது.

அங்கே விழிஞ்ஞத்தில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளோடு வாடகை அறையில் இருந்தோம். மகள் முத்துச்செல்வி மலையாளப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்த எழுத்தே தெரியாமல் போனவளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியவர் அவளுடைய வகுப்பு டீச்சர். நானோ வேலைக்குப் போகும்போது அவள் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை அடிக்கடி வீட்டில் நிறுத்திவிடுவேன்.

ஒரு சாயங்காலம் டீச்சர் அறையைத் தேடி வந்துவிட்டார். செல்வி கடைக்குப் போயிருந்தாள். டீச்சரின் முகம் வாடியிருந்தது.

"ஞான் இன்னு மோளெ வழக்கு பறஞ்ஞு. அது பறயான் வந்நதா."

எனக்குக் கேட்டது 'வழக்கு' மட்டும்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாததற்குக் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

விடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் ஊரில் அண்ணன் வீட்டில் விட்டேன். பயந்துவிடுவாள் என்று செல்வியிடம் கேஸ் விஷயத்தைச் சொல்லவில்லை. டீச்சர் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத அறை எதற்கென்று அதையும் காலிசெய்து, கணவரும் நானும் கான்ட்ராக்டரின் ஷெட்டுக்கு மாறினோம். அங்கே குழந்தைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

ஊர்ப் பள்ளியில் டி.சி. கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பயந்துகொண்டே டீச்சரைப் பார்க்கப் போனேன். கேஸ் முடிந்ததா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நாகர்கோவில்கார ஆயாதான் விளக்கினார்.

"வழக்கு பறஞ்ஞுன்னா ஏசினேன்னு அர்த்தம் மக்கா. பிள்ளைய ஏசிட்டோமேன்னு மனசு கேக்காம ஒன்னயத் தேடி வந்திருக்காங்க."

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "பேரு வெட்டியிட்டில்ல" என்றார். மூன்று மாதமும் செல்வியின் பெயர் அடிக்கப்படாமல் அதிலேயே இருந்தது.

அன்று ஊரில் பள்ளி விடுமுறை. அண்ணன் நம்பருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் போனை டீச்சரிடம் கொடுத்தேன். என்னிடம் தினமும் "நல்லாருக்கேம்மா" என்று மட்டும் சொல்கிறவள், அவர் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"எனிக்கு வரணும் டீச்சறே."

டீச்சர் என்னைப் பார்த்தார். ஷெட்டில் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீச்சரே டி.சி.க்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறேன். செல்வியும் தம்பியும் உள்ளே மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பது வாசல்வரை கேட்கும். நான் நுழைந்ததும் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள்.