எடுக்காத போன்

1. ஹேட்ச் மூடியாச்சு

எங்கள் தீவில் ஹேடோ ஜெட்டி என்ற கப்பல்துறையின் கேட்டுக்கு வெளியே பதினான்கு வருடம் தள்ளுவண்டியில் பரோட்டா போட்டேன். புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, என் டைரியைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

மெயின்லேண்ட் கப்பலில் சரக்கு இறக்கும் கேங்குக்கு வேலை முடியும் நேரம் நிச்சயமில்லை. ஒருநாள் இரவு பத்து மணி, ஒருநாள் இரண்டு மணி. கப்பலின் சரக்கறை மூடிதான் ஹேட்ச்; கடைசி ஹேட்ச்சை மூடியதும் மேஸ்திரி சண்முகம் போன் செய்வார்.

"யோவ் மாஸ்டர், ஹேட்ச் மூடியாச்சு. பதினோரு பேர். சால்னா கெட்டியா இருக்கட்டும்யா, நேத்து சமுந்தர் தண்ணி மாதிரி ஓடுச்சு."

பாதி நாள் நான் போனை எடுத்ததில்லை. கை மாவில் இருக்கும். எடுக்காவிட்டால் கல் சூடாக இருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. வண்டி போடாத நாளில் நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன்.

2. குட்வில் எஸ்டேட்

பிறகு வண்டியை விற்று, ஹேடோவிலேயே குட்வில் எஸ்டேட் என்ற காலனியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை நானும் மனைவி கனகாவும் வாடகைக்கு எடுத்தோம். எட்டு மேசை. பின்னறையில் குடியிருப்பு. தோசைக்கல்லை கேங் ஆட்களே தூக்கிவந்து வைத்தார்கள்.

இரண்டாம் மாதம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இது ஃபேமிலி இருக்குற காலனி. பதினோரு மணிக்கு மேல ஷட்டர் திறந்திருந்தா, காலையில சாவியக் குடுத்துடுங்க."

சண்முகத்திடம் சொன்னேன். சிரித்தார். "அத ஜஹாஜ்கிட்ட சொல்லுய்யா, கப்பலுக்கு ஏது டைம். சரி, லேட்டானா போன் பண்றேன்."

போன் செய்தாலும் முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

3. பத்தொன்பது நிமிடம்

ஒரு புயல் சமயம். கப்பல் ஆறு நாள் வெளிக்கடலிலேயே நின்றுவிட்டு ஜெட்டிக்கு வந்தது. பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. ஷட்டர் இறக்கியாகிவிட்டது. எடுத்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடித்து ஓயட்டும், புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு பத்துக்கு வெளியே காலடிச் சத்தம். மழை பெய்துகொண்டிருந்தது. யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"லைட் பந்த் ஹை, பாய்," என்றது தாஸின் குரல், விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து. கேங்கில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற வங்காளிப் பையன் அவன்.

"இருடா. போனை எடுக்கலேல்ல? கை மாவுல இருக்கும்," என்றார் சண்முகம்.

"மாஸ்டர் இப்ப பெரிய ஹோட்டல்காரரு. மாவு பிசைய மிஷின் வாங்கிருப்பாரு!" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கனகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "திறந்தீங்கன்னா நாளைக்கு நாம எங்க போறது?" என்று காதோடு கேட்டாள். சண்முகம் மறுபடி அழைத்தார். உள்ளே மணி அடித்தது; போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கினேன்.

வெளியே சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் சண்முகம்தான் சொன்னார்: "தட்டாதீங்கடா. தூங்கட்டும்." பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் ஹேடோவில் வேறு கடை கிடையாது.

4. காலையில்

ஜெட்டிக்குப் போனேன். "அசந்து தூங்கிட்டேன் சண்முகம்."

"பரவால்ல சார். உங்களுக்கும் உடம்புதானே."

பதினான்கு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கத்தில் அவர் என்னை சார் என்றது அன்றுதான். அதன்பின் கேங் வரவில்லை. காலனிக் குடும்பங்கள் ஞாயிறு மட்டும் வந்தன. மற்ற நாள் பிசைந்த மாவைக் கொட்டினேன். பதினோராம் மாதம், யாரும் கேட்காமலே சாவியைக் கொடுத்தேன்.

இப்போது ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் ஸ்டாஃப் கிச்சனில் வேலை. கனகா ஹேடோவில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முடியாது என்றால் முடியாது என்று வாயால் சொல்லிவிடுங்கள். பசியோடு வருகிறவன் அதைத் தாங்கிக்கொள்வான். நான் அன்று விழித்திருந்தேன் என்பதைச் சண்முகத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.