கண் மூடிய தலைவரும் மெதுவாகப் பாடிய குழுவும்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் கல்யாணச் சோறு சாப்பிடாமல் கிளம்பிவிட்டது நினைவுக்கு வந்தது. தோளில் உடுப்புப் பை, கையில் கீபோர்ட் பெட்டி, மேலே தூறல். பின்னால் சபையின் ஒலிபெருக்கியில் ஒருவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து கண் மூடியிருந்தது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். அவர் கண்ணைத் திறந்து பாடி நான் பார்த்ததே இல்லை.

சபைப் பாட்டுக் குழுக்களில் வாசிக்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். லொறி, தேயிலை ஃபெக்டரி, கல்யாண மியூசிக் பார்ட்டி, சபை என்று எங்கேயும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. அதனால் பலவகைத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. எனக்குக் கொடுத்த வேலை

ஸ்பிரிங்வெளிச் சபையில் பாட்டை நடத்தி வந்தது எஸ்தர் அக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். ஃபெக்டரியில் வேலை செய்யும் தானியேலுக்கு டோலக். இன்னும் நாலைந்து பேர் கூடப் பாடுவார்கள். பாஸ்டர் தன் அக்கா மகன் ஜோயலைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்து புதிய வொர்ஷிப் லீடர் ஆக்கினார். குழு முகம் கறுத்தது. நான் அப்போது பசறையில் வேலையில்லாமல் இருந்தேன்.

"நீ நாலு சபை பாத்தவன். கீபோர்ட் வாசிச்சுக்கிட்டே இவங்களப் புது ஆளோட பழக்கிவிடு" என்றார் பாஸ்டர். ஸ்பீக்கர் பெட்டிகள் வைக்கும் அறையில் படுக்கை. சாப்பாடு முறை வைத்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து வரும்.

ஜோயலுக்கு கிட்டார் நன்றாக வரும். அதை மறுக்கமாட்டேன். மனிதர்கள்தான் வரவில்லை. முதல் ப்ராக்டிஸிலேயே எஸ்தர் அக்காவின் மைக்கை எடுத்து ஸ்டேண்டோடு தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"அக்கா, உங்க வாய்ஸ் ரொம்பக் கிராமமா இருக்கு. பின்னால நின்னு பாடுங்க, போதும்."

அக்கா பின்னால் போய் நின்றார்.

2. கை மெதுவாகிறது

அடுத்த ஞாயிறு பாட்டு இழுத்தது. துள்ள வேண்டிய பாட்டு தாலாட்டு மாதிரி வந்தது. எனக்கு உடனே விளங்கியது. தோட்டத்தில் புதுத் துரை, அதாவது மேனேஜர், வந்து மிரட்டினால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்து நிற்பார்கள். கொழுந்து மலைக்கும் போவார்கள். கை மட்டும் மெதுவாகிவிடும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது துரைக்கு விளங்கிவிடும். அந்த வித்தையைக் கொண்டுவந்து சபையில் வைத்தார்கள்.

ஆனால் சபையில் தராசு இல்லை. ஜோயல் கண்ணை மூடிக்கொண்டு அதற்கேற்ப கிட்டாரை மெதுவாகத் தட்டினார். ஆமென் சொல்லித்தான் கண்ணைத் திறந்தார்.

"என்னா அபிஷேகம் பாத்தீங்களா அண்ணே! இன்னிக்குத்தான் டீம் ஆழமா போயிருக்கு."

"தம்பி, அது அபிஷேகம் இல்ல, கோவம். அக்கா மைக்கக் குடுத்துருங்க, தன்னால சரியாவும்."

"நீங்க ஆவியில பாக்காம மாம்சத்துல பாக்குறீங்க" என்று என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் இன்னும் மெதுவான பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார்.

குழுவிடம் போனேன். "அந்த ஆளுக்கு இது ஒறைக்கல. மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

தானியேல் சிரித்தார். "தொரைக்கே நாங்க நேரா சொன்னதில்ல. இவன் யாரு?"

"தொரைக்குக் கணக்குத் தெரியும்ங்க. இவருக்கு அதும் தெரியாதே."

"அப்ப இன்னும் கொஞ்சம் மெதுவாக்குவோம்" என்றார்.

இப்படியே வாரங்கள் போயின. குழு இழுக்க, ஜோயல் அதை ஆவியானவர் என்று நம்ப, ஜனங்கள் பாட்டு முடியுமுன் உட்கார ஆரம்பித்தார்கள். பாஸ்டர் எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார்.

3. கல்யாணப் பாட்டு

எஸ்தர் அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பசறை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர்கள் தோட்டத்து ஆட்களை ஒரு படி கீழேதான் பார்ப்பார்கள். அக்கா ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது சொன்னார்:

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. எம்மக வாசல்ல இருந்து நடந்து வர்றப்ப மைக்கப் புடிச்சு நாந்தான் பாடணும். நல்லா துள்ளலா. அவுங்க சனம் பாக்கட்டும்."

அதற்காக ஜோயலிடம் கெஞ்சினேன். பாஸ்டரிடமும் கெஞ்சினேன். அந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

கல்யாணத்துக்கு முந்திய ப்ராக்டிஸில் அதே பாட்டை எடுத்தோம். ஜோயல் பக்கத்தில் நின்றதால் குழு வேண்டுமென்றே இழுத்தது. அக்காவும் சேர்ந்து இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இது நாளைக்கு ஒங்க மக நடக்குற பாட்டு அக்கா! ஒருதரமாவது ஒழுங்கா வாசிச்சுப் பாப்போம்."

"இவன் முன்னால எதுக்குங்க விட்டுக் குடுக்கணும்?" என்றார் தானியேல். "நாளைக்கிக் கை தன்னால ஓடும்."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. வாசலில் மகள் அப்பாவின் கையைப் பிடித்து நின்றாள். அக்கா புதுச் சேலையில் மைக்கோடு ஆரம்பித்தார். டோலக் விழுந்தது, இத்தனை வாரம் பழகிய அதே இழுவையில். தானியேலின் முகம் வெளுத்தது. அவசரமாக வேகத்தைக் கூட்டினார். பாடுகிறவர்கள் பின்தங்கினார்கள். நான் கீபோர்டில் இன்னும் வேகமாகப் போனேன். அக்கா வேகமாக என்று கையை ஆட்டிக் காட்டினார். பாட்டு ரெண்டாகப் பிரிந்து, மறுபடி எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அந்த இழுவைதான். மகள் ஒரு அடி வைப்பாள், நிற்பாள். இன்னொரு அடி வைப்பாள்.

மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "என்னங்க, பொண்ணு வருதா, பொணப்பொட்டி வருதா?"

மூன்று வரிசை சிரித்தது. அக்காவுக்கும் கேட்டது. குரல் உடைந்து நின்றது. அந்த இடத்தில்தான் ஜோயல், கண்ணை மூடியபடி, "ஆமென், இன்னும் ஆழமா போவோம்" என்று பாட்டை எடுத்துக்கொண்டார். இன்னும் மெதுவாக.

ஆராதனை முடிந்ததும் பழிக்கு ஆள் தேடினார்கள். பாஸ்டர், "பழக்கிவிடச் சொன்னா டீமையே கெடுத்துட்டியே" என்றார். தானியேல், "கீபோர்ட்தாங்க தாளத்தக் கலைச்சிருச்சு" என்றார். ஜோயலிடம் கேட்டேன். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அக்கா மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருதரந்தானே தம்பி நடந்து வருவா" என்றார்.

கீபோர்ட் பெட்டியை எடுத்தேன்.

4. பெரகலை

பதுளையில் கொழும்பு பஸ் ஏறிப் பெரகலையில் இறங்கினேன். மறுநாள் காலை சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆள் வேண்டுமென்றார்கள்.

அந்தச் சபையில் நான் கற்றது இவ்வளவுதான். கோபத்தை வேலைக்குள் ஒளித்துவைத்தால், எதிரே இருப்பவனுக்கு அது போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. நம் கையில் தங்கிவிடுவது நிச்சயம். நல்லது செய்ய வேண்டிய நாளில் அந்தக் கை நம் பேச்சைக் கேட்காது.

ஆகவே ஏப்ரனைக் கட்டுமுன்பே முதலாளியிடம் சொன்னேன்: "எனக்கு ஏதும் புடிக்கலன்னா ஒங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன் முதலாளி."

அவர் கண்ணைத் திறந்துதான் என்னைப் பார்த்தார். "தாராளமா சொல்லு. மொதல்ல அந்த மாவப் பெசைஞ்சிட்டுச் சொல்லு."

ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன்.