பந்து தூக்குகிறவனின் தகப்பன்

கண்ணுசாமி தேங்காயைப் பார்ப்பதில்லை. தரையில் நட்ட இரும்புப் பாரையின் கூரில் காயைக் குத்துகிறார். இடது பக்கம் ஒரு திருகு, வலது பக்கம் ஒரு திருகு, மூன்றாவது திருகில் மட்டை ஒரு பக்கமும் காய் ஒரு பக்கமுமாக விழுகின்றன. இவ்வளவும் நடக்கும்போது அவர் கண், மண்டி வாசலில் போகிற பேராவூரணி பஸ்ஸில் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். கூர் வயிற்றுக்கு நேராக நிற்கிறதே, பார்த்துச் செய்யக்கூடாதா என்று புதிதாக வந்த லாரிக்காரர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். "கை பாத்துக்கும்ங்க. கண்ணு குறுக்க வந்தாத்தான் தப்பு வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார் கண்ணுசாமி.

பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில் அவருக்குப் பத்து வருட வேலை. காயைக் காதருகே ஒரு தடவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சரிதானா என்று உடைத்துப் பார்க்கிற வேலையை மண்டிக்காரர் எப்போதோ விட்டுவிட்டார். மட்டையோடு மல்லுக்கட்டி உள்ளங்கை இரண்டும் மரத்துக் காய்த்துப் போயிருக்கின்றன. அதனால் அவர் கைதட்ட மாட்டார். தட்டினால் பலகையும் பலகையும் மோதுகிற சத்தம் வருகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், வெட்கமாக இருக்கிறதாம். வேறு யாருக்காவது இப்படி இருந்தால் பரவாயில்லை. வாலிபால் பைத்தியம் பிடித்த மனிதருக்குக் கைதட்ட முடியாமல் போனது கொஞ்சம் கஷ்டம்தான்.

பைத்தியம் என்று சும்மா சொல்லவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், எங்கே வலை கட்டினாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். மண்டியில் வெற்று மேலோடு இருப்பவர் ஆட்டத்துக்கு மட்டும் சட்டை போடுவார். சட்டைப் பையில் இரண்டு கொப்பரைத் துண்டு இருக்கும். ஒரு செட் முடிந்தால் ஒரு துண்டு. தோற்றாலும் ஜெயித்தாலும் அதே நிதானத்தில் மெல்லுவார்.

மற்றவர்கள் எல்லாம் எம்பிக் குதித்து ஓங்கி அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். கண்ணுசாமி அவனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அடிக்கிறவனுக்கு வலையோரமாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஒருவன் நிற்கிறான் அல்லவா, அவருடைய ஆட்டம் முழுக்க அந்த ஆளின் பத்து விரலில்தான். "தேங்காய ஒடைக்கிறவனத்தான் சனம் பாக்குது. உரிச்சுக் குடுத்தவன எவன் கேக்குறான்?" என்பார். தொழில் அபிமானம் என்று நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பந்து யாருக்குப் போகப் போகிறது என்பதை அது போவதற்கு முன்பே அவர் தாடையைத் தூக்கிக் காட்டிவிடுவார். அநேகமாகத் தப்பாது.

அவருக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிற இன்னொரு பைத்தியம் சிவசாமி, பட்டுக்கோட்டையில் தையற்கடை வைத்திருப்பவர். அளவு நாடாவைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டபடியே வந்துவிடுவார். எந்த ஆட்டக்காரனையும் தலையிலிருந்து கால்வரை அளந்து பேசுவது அவர் வழக்கம். இந்த வருடம் அவருடைய நாடா முழுக்கக் கல்லூரி அணியில் பந்து தூக்குகிற இளையபெருமாள் மேல்தான். கையில் என்னமோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். முன்னால் பார்த்துக்கொண்டே தலைக்கு மேலாகப் பின்பக்கம் தூக்குகிறானே, இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு வரும் என்பார். அடுத்த மூச்சிலேயே உதட்டைப் பிதுக்குவார். "பத்துப் பாயிண்டு வரைக்கும் பய ராசா மாதிரி ஆடுறான் அண்ணே. பத்துக்கு மேல போனா அந்தத் தொரராசத் தவிர யாருக்கும் தூக்க மாட்டேங்குறான். நம்பிக்கை இல்ல. பயந்தாங்கொள்ளி."

சிவசாமி சொல்வது பொய்யில்லை. துரைராசு இடது முனையில் நின்று அடிப்பவன், நல்ல உயரம். ஆனால் பத்துக்கு மேல் பந்து அவனுக்குத்தான் போகும் என்பது எதிரணிக்கும் தெரிந்துபோயிற்று. இரண்டு பேர் முன்கூட்டியே போய் அவன் எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதே நேரம் வலது முனையில் உத்திராபதி, அதிராம்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன், தடுக்க ஆளில்லாமல் சும்மா நிற்கிறான். பந்து மட்டும் அவனுக்கு வராது.

சிவசாமி பேசுவதை எல்லாம் கண்ணுசாமி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இளையபெருமாள் தன் மகன் என்று இரண்டு வருடமாக அவரிடம் சொல்லவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று கேட்கும்போது மனிதருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிட வலித்த சங்கதி வேறு. அந்தப் பயத்தை மகன் எங்கிருந்து வாங்கினான் என்பது அவருக்குத் தெரியும்.

துரைராசின் தகப்பனார் சாரங்கபாணி, கண்ணுசாமி குடியிருக்கிற ஊரின் மிராசுதார். கண்ணுசாமியின் கூரை வீடு அவருடைய நிலத்தின் ஓரத்தில் நிற்கிறது. கண்ணுசாமி முன்பு அந்தப் பண்ணையில்தான் வேலை செய்தார். கூலித் தகராறில் செங்கொடி பிடித்த வருடம் வேலை போயிற்று. அவர் மண்டிக்கு வந்து பாரையைப் பிடித்தார், வீட்டை மட்டும் விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு சர்க்கார் சட்டம் போட்டது. குடியிருப்பு மனை, குடியிருப்பவனுக்கே சொந்தம். கண்ணுசாமி மனுக் கொடுத்தார். அது வீடே இல்லை, களத்துக் காவலுக்குப் போட்ட கொட்டகை, ஒரு அறுவடைக்குத் தங்கச் சொன்னோம் என்று பண்ணையிலிருந்து ஆட்சேபணை போனது. இளையபெருமாள் பிறந்ததே அந்தக் 'கொட்டகை'யில்தான். விசாரணை நாலு தடவை தள்ளிப்போய்விட்டது. இதற்கிடையில் பண்ணை வேலி ராவோடு ராவாக அவர் வாசல்வரை நகர்ந்து வந்து நிற்கிறது.

மகன் கல்லூரியில் சேர்ந்த அன்று, துரைராசும் அதே கல்லூரி என்று தெரிந்ததும், பஸ் ஏறப் போனவனை நிறுத்தி அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தொரராசு தம்பி மனசு கோணாம நடந்துக்க. மனை நம்ம கைக்கு வர்ற மட்டும்." பஸ்ஸில் இடம் கேட்டால் எழுந்துகொள், வாய்க்கு வாய் பேசாதே, அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது. பந்தை அவர் நினைக்கவே இல்லை.

மகன் அதை மைதானம்வரை கொண்டுபோய்விட்டான். இதைச் சொன்னது அவர் மனைவி அம்சம். எல்லாரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, ஏன்டா இப்படி ஆடுகிறாய் என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டிருக்கிறாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பாதானே சொல்லிச்சு" என்றானாம்.

அன்று மண்டியில் கண்ணுசாமியின் கையைப் பாரை கிழித்தது. பத்து வருடத்தில் முதல் தடவை.

சொன்னதைத் திரும்ப வாங்குவது அப்படி ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நமக்குத் தோன்றும். மகனைக் கூப்பிட்டு, உன் இஷ்டத்துக்கு ஆடு என்றால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொன்னால் மனை போனாலும் போகட்டும் என்று சொன்னதாகிவிடும். இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு. சொல்லலாம் என்று மகன் எதிரில் போய் உட்காருவார், சைக்கிளுக்குக் காற்று அடித்தாயா என்று கேட்டுவிட்டு எழுந்து வருவார். அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேராவூரணியில் கடைசி ஆட்டம். கல்லூரி அணிக்கும் ஊர் அணிக்கும். கோப்பை சாரங்கபாணி கொடுத்தது, ஆகவே தலைமையும் அவரே. கோட்டுக்கு வெளியே வாடகை இரும்பு நாற்காலிகள் ஒரு வரிசை போட்டிருந்தார்கள். நடுவில் அவர், பக்கத்தில் கட்சியின் ஒன்றியச் செயலாளர். கண்ணுசாமி வழக்கம்போல அந்த வரிசைக்குப் பின்னால், மிராசுதார் திரும்பினாலும் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தரையில் குந்தியிருந்தார். ஆளுக்கு இரண்டு செட் ஆகியிருந்தது. சட்டைப் பையில் கொப்பரை தீர்ந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை தாசில்தார் முன்னால் விசாரணை.

ஐந்தாவது செட்டில் பத்து வரைக்கும் பையன் பிரமாதமாக ஆடினான். பத்துக்கு மேல் சிவசாமி சொன்னதுதான் நடந்தது. துரைராசுக்கு, திரும்பவும் துரைராசுக்கு. மூன்று பந்தில் இரண்டு எதிரணிக் கைகளில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தன. நாற்காலியிலிருந்து சாரங்கபாணி, "தொரைக்கே தூக்குடா" என்று உத்தரவு போட்டார். பையன் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலைக் கண்ணுசாமி பார்த்தார். அது அவருடைய தலையாட்டல். பண்ணையில் பதினைந்து வருடம் அவர் ஆட்டியது. மகன் கழுத்தில் அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

எதிரணிக்குப் பதினைந்து, கல்லூரிக்குப் பதினாலு. சர்வீஸும் எதிரணியிடம். இன்னும் ஒரு பந்து விட்டால் இரண்டு பாயிண்டு வித்தியாசம் வந்து கோப்பை போய்விடும். ஒன்றியச் செயலாளர் இன்னொரு கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று சற்று முன்புதான் ஜீப் ஏறிப் போயிருந்தார். அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

கண்ணுசாமி எழுந்தார். எங்கே அண்ணே, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் என்று சிவசாமி வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் விடுவித்துக்கொண்டு வரிசையைச் சுற்றி முன்னால் போய், அந்தக் காலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரும்பு கிறீச்சிட்டது. சாரங்கபாணி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருப்பது யார் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன கண்ணுசாமி?"

"ஒண்ணுமில்லீங்க. இங்கேருந்து பாத்தாக் கை நல்லாத் தெரியுது."

வலையோரத்தில் நின்ற இளையபெருமாள் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அப்பாவைப் பார்த்தான், அப்பா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவரையும் பார்த்தான். நடுவர் விசில் ஊதிய பிறகும் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணுசாமி கையையும் காட்டவில்லை, தலையையும் ஆட்டவில்லை. உள்ளங்கை இரண்டையும் தொடையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார்.

சர்வீஸ் வந்தது. பின்வரிசையில் ஒருவன் எடுத்து முன்னால் அனுப்பினான். துரைராசு ஓடி வந்தான், எதிரணியில் இருவரும் அவனோடு ஓடினார்கள். இளையபெருமாள் அவனைப் பார்த்தபடியே பந்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் தூக்கினான். அது உத்திராபதியின் கை எட்டுகிற உயரத்தில் வந்து அவனுக்காக நின்றது. எதிரில் ஒருவருமில்லை. உத்திராபதி இருந்த பலத்தையெல்லாம் போட்டு அடித்தான்.

கோட்டுக்கு வெளியே ஒரு சாண். ஆட்டம் போயிற்று.

ஊர்க்காரர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். துரைராசு இடுப்பில் கைவைத்து இளையபெருமாளை முறைத்துக்கொண்டு நின்றான். இளையபெருமாள் அவனைத் தாண்டிப் போய், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்ட உத்திராபதியைத் தூக்கிவிட்டான். பின்னால் சிவசாமியின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அடிச்சவன் தப்பு. தூக்குனவன் மேல ஒரு சொல்லு சொல்லக்கூடாது. இன்னிக்குத்தான்யா அவன் ஆடினான்."

சாரங்கபாணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் எழுந்தால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வரிசையில் இருந்த மற்ற எல்லோரும் எழுந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் கண்ணுசாமியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"வர்றேங்க" என்றார் கண்ணுசாமி. அதுவரை நாற்காலியின் நுனியில் இருந்தவர், மெல்லப் பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டார்.