கதவுக்கு அடியில் ஒரு கேபிள்

தல்லாகுளத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒரே ஒருமுறைதான் அவரைப் பார்த்தேன். முகத்தில் பல நாள் தாடி. வீட்டிலிருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து, மகனோடு துப்பாக்கிச் சண்டை கேம் ஆட வேண்டுமாம். பூக்காரர்களைப் போல, கேபிளை முழம் போட்டு அளந்துகொண்டே இருந்தார்.

“ரெண்டே கம்ப்யூட்டருக்கு நடுவுல ஹப் பெட்டி எதுக்குண்ணே? நேரா செருகுற கிராஸ் கேபிளே போதும்,” என்றார் கடைக்காரர்.

“சாத்துன கதவுக்கு அடியில நுழையுமா தம்பி?”

“நுழையும். ஆனா ரெண்டு பக்கமும் செருகணும்ணே.”

அவர் முழம் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஃபெயிலானதுக்கு அடிச்சுப்புட்டேன். அன்னையிலருந்து மூஞ்சியவே காட்ட மாட்டேங்கிறான். கேம்லயாச்சும் என்னையச் சுட வருவான்ல?”

நான் தலையாட்டிவைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கும் கேபிள் முனையை மகன் கையில் எடுத்தானா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.